கூண்டு வண்டியில் யார் யார்?

குழந்தைகளுக்குச் சரித்திரக் கதை எழுதுவது சுலபமான காரியம் என்று ஓர் எண்ணம் நம்மிடையே வேரூன்றிப் போயிருக்கிறது. பெரியவர்களுக்கு எழுதியதில் காதலைக் கொஞ்சம் குறைத்து, வாள்வீச்சைக் கொஞ்சம் கூட்டி, கடைசியில் ஒரு நீதியை ஒட்டிவிட்டால் தீர்ந்தது விஷயம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு இதில் சம்மதம் இல்லை. பெரியவர்களுக்கான கதையில் ஆசிரியன் பொய் சொன்னால் வாசகன் கண்டுபிடித்துவிடுவான். அல்லது பொய்யென்று தெரிந்துகொண்டே ரசித்துவிட்டுப் போவான். குழந்தை இரண்டையும் செய்வதில்லை. அது நம்பிவிடுகிறது. நம்பியதை நாற்பது வருஷம் கழித்தும் மறப்பதில்லை. ஆகவே குழந்தைக்குச் சரித்திரம் சொல்ல வருகிறவனுக்குப் பொறுப்பு இரட்டிப்பாகிறது என்பது என் கட்சி.

இதைச் சோதித்துப் பார்க்க ஓர் அந்நியச் சரக்கை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்கச் சிறுவர் இலக்கியத்தில், கூண்டு வண்டி கட்டிக்கொண்டு மேற்கே குடியேறப் போன குடும்பங்களைப் பற்றிய கதைகள் ஒரு பெரிய கிளை. 1840-களிலிருந்து அப்படிப் போனவர்கள் லட்சக்கணக்கில் உண்டு. ஆரிகன் பாதை ஒன்று மட்டும் சுமார் 2000 மைல். நாலைந்து மாதப் பிரயாணம். வண்டிகளைப் பெரும்பாலும் இழுத்தவை மாடுகள்தாம். உள்ளே சாமான், மனிதர்கள் பக்கத்தில் நடந்தார்கள். வழியில் செத்தவர்களில் பெரும்பாலோரைக் கொண்டுபோனது காலரா முதலான வியாதிகள். சினிமாவில் பறக்கிற அம்புகளுக்கு அதில் பங்கு சொற்பம். 1862-ல் வந்த சட்டம் ஒன்று, ஐந்து வருஷம் தங்கிப் பயிர் செய்கிறவனுக்கு 160 ஏக்கர் சொந்தம் என்று சொன்னதும் வண்டிகள் இன்னும் பெருகின.

இந்தக் கிளையில் மிகவும் பேர் பெற்றவை லாரா இங்கால்ஸ் வைல்டர் எழுதிய புத்தகங்கள். 1867-ல் பிறந்து 1957-ல் மறைந்தவர். முதல் புத்தகம் 1932-ல் வந்தபோது அவருக்கு வயது அறுபத்தைந்து. வரிசையில் மூன்றாவதான 'லிட்டில் ஹவுஸ் ஆன் தி ப்ரெய்ரி' 1935-ல் வந்தது. விஸ்கான்ஸின் காட்டு வீட்டை விட்டு ஒரு தகப்பன், தாய், மூன்று பெண் குழந்தைகள், ஒரு நாய், எல்லாரும் வண்டியில் புறப்பட்டுக் கான்ஸாஸ் புல்வெளிக்குப் போய், வீடு கட்டி, ஒரு வருஷம் இருந்துவிட்டு, மறுபடி வண்டி கட்டிக்கொண்டு திரும்புகிறார்கள். கதை இவ்வளவுதான்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு நண்பரின் மகள் இந்தப் புத்தகத்தை மூன்று தடவை படித்துவிட்டாள். பத்து வயது. ஆணியே இல்லாமல் ஒரு கதவை எப்படிச் செய்வது என்று எனக்கு அவள் பாடம் நடத்தினாள். எந்த மரத்தில் துளை, எந்த முளை எதற்குள் போகும், தாழ்ப்பாளை வெளியிலிருந்து தூக்க வார் எங்கே தொங்கும், எல்லாம் அத்துபடி. "சரி அம்மா, வண்டிச் சக்கரம் கழன்று ஓடாமல் இருக்க என்ன செய்வார்கள்?" என்று கேட்டேன். விழித்தாள். உள்ளேயிருந்து அவள் பாட்டிதான், "கடையாணி போடுவாங்க" என்று பதில் கொடுத்தாள். சிதம்பரத்துக்கு ஆருத்திரா தரிசனத்துக்குக் கூண்டு வண்டியில் போன பாட்டி அவள். கடலூரிலிருந்து முப்பது மைலுக்குக் கொஞ்சம் குறைவு. சாயங்காலம் கட்டினால் விடியும்போது கோபுரம் தெரியும் என்றாள். மூங்கிலை வளைத்து மேலே பாய் போட்ட கூண்டு. அமெரிக்கனுடையது மரத்தை வளைத்து மேலே கித்தான் போட்டது. வித்தியாசம் அவ்வளவே. பேத்திக்குக் கான்ஸாஸ் வண்டி தெரிகிறது. பாட்டியின் வண்டி தெரியவில்லை. குற்றம் பேத்தியுடையதல்ல. ஒரு வண்டியைப் பற்றி ஒருத்தி உட்கார்ந்து எழுதினாள். இன்னொரு வண்டியைப் பற்றி நாம் யாரும் எழுதவில்லை.

வைல்டரின் பலம் இதுதான். வேலையை அவர் வேலையாகவே சொல்கிறார். கிணறு வெட்டும் அத்தியாயம் ஒன்று வருகிறது. ஒவ்வொரு நாளும் இறங்குமுன் தகப்பனார் ஒரு மெழுகுவத்தியைக் கொளுத்திக் கிணற்றுக்குள் விட்டுப் பார்க்கிறார். அணைந்தால் கீழே விஷக்காற்று. கூட வேலை செய்யும் அண்டை வீட்டுக்காரர் இதெல்லாம் வீண் ஜம்பம் என்று நினைத்து ஒருநாள் பார்க்காமல் இறங்கி மூர்ச்சையாகிறார். நம் பக்கத்துக் கிணறு வெட்டிகளுக்கு இந்த அத்தியாயத்தைப் படித்துக் காட்டினால் தலையாட்டுவார்கள். ஒரு வார்த்தை உபதேசம் இல்லை. ஆனால் அந்த மெழுகுவத்தி குழந்தையின் மனத்தில் அணையாது.

இன்னோர் இடம். குடும்பம் முழுவதும் குளிர்ஜுரத்தில் விழுகிறது. தண்ணீர் எடுத்துக் கொடுக்கக்கூட ஆள் இல்லை. ஒரு கறுப்பு மருத்துவர் வந்து காப்பாற்றுகிறார். தர்ப்பூசணி தின்றதால் வந்த ஜுரம் என்று பேசிக்கொள்கிறார்கள். இந்த இடத்தில் ஆசிரியை கதைக்கு வெளியே ஓரடி எடுத்து வைத்து, அது மலேரியா, கொசு கடித்து வருவது, அன்று யாருக்கும் தெரியாது என்று குழந்தைக்குச் சொல்லிவிடுகிறார். சரித்திரக் கதை எழுதுகிறவர்கள் படித்துக்கொள்ள வேண்டிய இடம் இது. பாத்திரங்களின் அறியாமையை அவர் கேலி செய்யவில்லை, மறைக்கவுமில்லை. அன்று தெரிந்தது இவ்வளவு, இன்று தெரிவது இவ்வளவு என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

என் வழக்கு இங்கேதான் ஆரம்பமாகிறது. ஜுரத்தின் விஷயத்தில் இவ்வளவு நேர்மையாக இருந்தவர், நிலத்தின் விஷயத்தில் அதே ஓரடியை ஏன் எடுத்து வைக்கவில்லை?

அந்தக் குடும்பம் வீடு கட்டிய இடம் காலி மனை அல்ல. ஓசேஜ் என்ற பூர்வகுடி மக்களுக்கு ஒப்பந்தப்படி ஒதுக்கிய நிலம். இங்கால்ஸ் குடும்பம் அங்கே இருந்தது 1869 முதல் 1871 வரை. சட்டப்படி அவர்களுக்கு அங்கே பாத்தியதை கிடையாது. அவர்களைப் போல் ஆயிரக்கணக்கானவர்கள் வந்து நெருக்கியதால்தான் 1870-ல் ஓசேஜ் மக்கள் நிலத்தை விற்றுவிட்டுத் தெற்கே, இன்றைய ஓக்லஹோமா பக்கம், நகர வேண்டியதாயிற்று. புத்தகத்தில் அவர்கள் வரிசையாகக் குதிரைகளில் போகும் காட்சி அழகாக வந்திருக்கிறது. சிறுமி லாரா தகப்பனைக் கேட்கிறாள்: அவர்கள் இடத்துக்கு நாம் வந்தால் அவர்களுக்குக் கோபம் வராதா என்கிற தோரணையில் ஒரு கேள்வி. தகப்பன், போதும் தூங்கு என்று அடக்கிவிடுகிறார். அத்தியாயமும் நின்றுவிடுகிறது.

அன்றைய தகப்பன் அப்படித்தான் அடக்கியிருப்பான். அது யதார்த்தம் என்று ஒருவர் வாதிக்கலாம். ஒப்புக்கொள்கிறேன். கேள்வியைக் குழந்தையின் வாயில் வைத்ததற்காக ஆசிரியைக்கு ஒரு நமஸ்காரமும் செய்கிறேன். ஆனால் ஜுரத்துக்குக் கொசு காரணம் என்று சொல்ல வந்த குரல், நிலம் போனதற்கு நாங்கள் காரணம் என்று சொல்ல வரவில்லை. நிஜத்தில் அந்தப் பிரயாணத்தின்போது லாரா இரண்டு மூன்று வயதுக் குழந்தை. கதைக்காக வயதைக் கூட்டிக்கொண்டு, விவரங்களைத் தேடிச் சேகரித்து, எழுத்தாளரான மகள் ரோஸின் உதவியோடு எழுதிய புத்தகம் இது. ஆகவே நினைவில் இருந்ததை அப்படியே எழுதினார் என்ற சமாதானம் செல்லாது. எதைத் தேடுவது, எதை விடுவது என்ற தேர்வு அங்கே நடந்திருக்கிறது.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. புத்தகத்தின் ஆரம்பத்தில் அந்தப் பிரதேசத்தை வர்ணிக்கும்போது, அங்கே ஜனங்களே இல்லை, பூர்வகுடிகள் மட்டுமே இருந்தார்கள் என்ற அர்த்தத்தில் ஒரு வாக்கியம் இருந்தது. பதினேழு வருஷம் யாருக்கும் அது உறுத்தவில்லை. 1952-ல் ஒரு வாசகர் ஹார்ப்பர் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார்: அப்படியானால் பூர்வகுடிகள் ஜனங்கள் இல்லையா? வைல்டர் தம் தவறை ஒப்புக்கொண்டார். 1953 பதிப்பில் 'ஜனங்கள்' போய் 'குடியேறியவர்கள்' வந்தது. ஒரு சொல்தான். ஆனால் அந்த ஒரு சொல்லில் ஒரு மக்கட்கூட்டம் மனிதராயிற்று. விமர்சனத்தினால் என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கடிதத்தைக் காட்டலாம்.

2018-ல் அமெரிக்க நூலகர் சங்கத்தின் சிறுவர் பிரிவு, வைல்டர் பெயரால் வழங்கிவந்த விருதின் பெயரையே மாற்றிவிட்டது. இனி அந்தப் புத்தகத்தைக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா கூடாதா என்று ஒரு சர்ச்சை. கொடுக்க வேண்டும் என்பேன் நான். புத்தகத்தைப் பூட்டி வைப்பது விமர்சனம் ஆகாது. அதன் பக்கத்தில் இன்னொரு புத்தகத்தை வைப்பதுதான் விமர்சனம். அப்படி ஒன்று வந்தும் இருக்கிறது. ஒஜிப்வே வம்சத்தைச் சேர்ந்த லூயிஸ் எர்ட்ரிக் என்ற நாவலாசிரியை 1999-ல் எழுதிய 'தி பர்ச்பார்க் ஹவுஸ்'. 1847-ல், சுப்பீரியர் ஏரித் தீவொன்றில், ஒமகாயாஸ் என்ற சிறுமியின் ஒரு வருஷ வாழ்க்கை. அதிலும் வீடு கட்டுகிறார்கள், மரப்பட்டையில். மேப்பிள் மரத்துப் பாலைக் காய்ச்சிச் சர்க்கரை எடுக்கிறார்கள். சோளத்தில் விழும் காக்கையை ஓட்டுகிறார்கள். பிறகு பெரியம்மை வருகிறது. வைல்டரைத் திட்டி ஒரு வரி அதில் கிடையாது. காலி இடம் என்று சொன்னார்களே, அங்கே ஒரு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது என்று காட்டுகிறார், அவ்வளவுதான். வாதம் முடிந்துவிடுகிறது.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

நிலம் கைமாறிய கதையை விளங்கிக்கொள்ளக் கடலூர்க் குழந்தை கான்ஸாஸ் வரை போக வேண்டியதில்லை. 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கிற்று. சென்னையில் அப்போது கவர்னர் எலிஹு யேல். அமெரிக்காவில் ஒரு சர்வகலாசாலைக்குப் பெயரான அதே யேல். கோட்டையோடு எவ்வளவு நிலம் என்பதற்கு ஒரு விசித்திர அளவுகோல் வைத்தார்கள்: கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு தூரம். உள்ளே அகப்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. கடலூரில் குண்டு சாலை இன்றும் இருக்கிறது. இதை அந்தப் பெண்ணுக்குச் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "மாமா, குண்டு எங்க தெரு வரைக்கும் வந்துச்சா?"

சரித்திரக் கதைக்கு இதைவிட நல்ல முதல் வரி எனக்குத் தோன்றவில்லை. பீரங்கியின் பக்கத்தில் நின்று பார்க்கிறவனுக்கு அது வெற்றி. தெருவில் நின்று பார்க்கிற குழந்தைக்கு அது தூரம். நம் பாடப் புத்தகம் கோட்டையின் விலையையும் தேதியையும் சொல்லும். அன்று தேவனாம்பட்டினத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவள் சத்தம் கேட்டு என்ன செய்தாள் என்று சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியவன் கதாசிரியன்.

அவன் என்ன செய்துகொண்டிருக்கிறான்? குதிரையில் போய்க்கொண்டிருக்கிறான். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' சிதம்பரத்துக்குப் பக்கத்தில் வீரநாராயண ஏரிக்கரையில்தான் தொடங்குகிறது. ஆடிப் பெருக்கு நாள். கரையில் பண்டிகை கொண்டாடும் ஜனங்களையும் கல்கி காட்டுகிறார். பிறகு வந்தியத்தேவனின் குதிரை அவர்களைக் கடந்து போய்விடுகிறது. கல்கியைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. குதிரைக்கு ஒரு வேலை இருக்கிறது. அதைப் பிரமாதமாகச் செய்தது. அவருக்குப் பின்னால் வந்தவர்கள், சிறுவர்களுக்கு எழுதியவர்கள் உட்பட, எல்லாரும் அதே குதிரையில் தொத்திக்கொண்டதுதான் என் வருத்தம். ஏரிக்கரையில் வண்டியை அவிழ்த்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டியவனிடம் யாரும் திரும்பி வரவில்லை.

அவனுக்கும் பிரயாணம் உண்டு. நீண்ட பிரயாணம். லாராவின் குடும்பம் கான்ஸாஸில் கதவு செய்துகொண்டிருந்த காலத்துக்குப் பத்து வருஷத்துக்கு முன்பே, 1860 நவம்பர் 16-ல், சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் 342 பேரோடு டர்பன் துறைமுகத்தில் போய் நின்றது. 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் சுமார் 1,52,000 பேர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சென்னையில் கப்பல் ஏறியவர்கள். அவர்களை அனுப்பிய ஜில்லாக்களில் நம் தென்னாற்காடும் ஒன்று. ஐந்து வருஷ ஒப்பந்தம். முதல் வருஷம் ஆணுக்கு மாதம் பத்து ஷில்லிங். இது ஒரு வழி. இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் போனவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள்; பலர் வழியிலேயே விழுந்தார்கள். 1942-ல் பர்மாவிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் மலை தாண்டி நடந்தே திரும்பினார்கள். மேற்கே போன வண்டிகளின் கதைக்கு இவை எந்த விதத்திலும் இளைத்தவை அல்ல.

பெரியவர்களுக்கான எழுத்தில் இவை வந்திருக்கின்றன. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' 1935-ல். வைல்டரின் புத்தகம் வந்த அதே வருஷம். ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' 1959-ல். அகிலனின் 'பால்மரக்காட்டினிலே' பின்னால் வந்தது. குழந்தைகளின் பங்குக்கு நாம் கொடுத்தது தில்லையாடி வள்ளியம்மை. 1898-ல் ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்து, சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, 1914 பிப்ரவரி 22-ல் பதினாறு வயதில் இறந்த பெண். கொடுக்க வேண்டிய கதைதான். ஆனால் எப்படிக் கொடுத்தோம்? சிலையாகக் கொடுத்தோம். சிலைக்குப் பசிக்காது. அவள் வீட்டில் என்ன சமைத்தார்கள், தில்லையாடியைப் பற்றி அவள் தாயார் என்ன சொல்லியிருப்பாள், பார்த்தே இராத ஓர் ஊர் ஒரு குழந்தையின் பெயரோடு எப்படி ஒட்டிக்கொண்டது, இதெல்லாம் தெரிந்தால் அல்லவா பத்து வயதுக் குழந்தை அவளைத் தோழியாக்கிக்கொள்ளும்?

அமெரிக்க மாதிரியை அப்படியே காப்பியடித்தால் சரியாகிவிடுமா என்றால், ஆகாது. லாராவின் தகப்பனார் சுற்றுப்புறத்தில் ஜன நெருக்கம் அதிகமாகிவிட்டதென்று சலித்துப் புறப்படுகிறார். நம்மவனுக்குப் புறப்படுவதே ஒரு போராட்டம். சிதம்பரத்துப் பக்கத்தில் இதை நான் விளக்க வேண்டியதில்லை. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தன் சரித்திரத்தில் பாதிக் கதை, ஒரு பண்ணையாள் சில மைல் தூரத்துக் கோயிலுக்குப் போய்வர ஆண்டையிடம் விடை கேட்பதுதான். அந்த வேதியர் பெரியபுராணத்தில் கிடையாது. பாரதியார் தம் காலத்து வயல் வரப்பிலிருந்து கொண்டுவந்த பாத்திரம் என்றே நான் படிக்கிறேன். அந்தக் கீர்த்தனைகள் பாடப்பட்ட தலைமுறையில்தான் அதே வரப்புகளிலிருந்து ஆட்கள் கப்பல் ஏறினார்கள். நந்தன் விடை கேட்டு நின்றான். இவர்களில் எத்தனையோ பேர் கேட்காமலே ராத்திரியோடு ராத்திரியாகப் போயிருப்பார்கள். அவர்கள் ஏறிய வண்டி அவர்களுடையதல்ல. போய்ச் சேர்ந்த நிலமும் அவர்களுக்கல்ல. அது ஜூலு மக்கள் வாழ்ந்த பூமி. கரும்புத் தோட்டக் கூலிக்கு அவர்கள் வர மறுத்ததால்தான் இங்கிருந்து ஆள் பிடித்தார்கள்.

நம் கதைக்கு வரக்கூடிய பெரிய சோதனை இங்கேதான் இருக்கிறது. எழுதத் தொடங்கினால் இரண்டு பள்ளங்கள் நம்மை இழுக்கும். ஒன்று கண்ணீர்ப் பள்ளம்: கங்காணியின் சாட்டை, தாயின் ஓலம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. இன்னொன்று பெருமைப் பள்ளம்: கடல் கடந்து கொடி நாட்டிய தமிழன். முன்னது குழந்தையைப் பரிதாபப்பட வைத்து அனுப்பிவிடும். பின்னது மார்தட்ட வைத்து அனுப்பிவிடும். நாற்று முடி எப்படிக் கட்டுவது என்று தெரிந்த கைக்குக் கரும்பு வெட்டுவது எப்படிப் புதிதாக இருந்தது, கப்பலில் வெவ்வேறு ஜாதிக்காரர்கள் ஒரே அண்டாவில் சாப்பிட்டபோது யார் முகம் சுளித்தார்கள், பக்கத்துக் குடிசையில் இருந்த ஜூலுப் பையனிடம் நம் சிறுமி முதலில் என்ன சொல் கற்றாள், அவன் வீட்டு மாடுகள் முன்பு எங்கே மேய்ந்தன, இவற்றைச் சொல்கிறவன்தான் இரண்டு பள்ளத்திலும் விழாமல் வண்டியை ஓட்டுவான். குண்டு சாலையில் குண்டு விழுந்ததைக் கணக்குப் பார்த்த அதே குழந்தை, நம்மவர்கள் இன்னொருவர் பூமியில் போய் இறங்கியதையும் பார்க்கட்டும். தாங்க முடியாது என்று பயப்பட வேண்டாம். குழந்தைகள் உண்மையைத் தாங்குவார்கள். அவர்களால் தாங்க முடியாதது, பெரியவர்கள் பாதியில் நிறுத்திவிட்டுத் தூங்கச் சொல்வதுதான்.

சாமான்கள் இல்லை என்று சொல்லவும் வழி இல்லை. நேட்டால் கப்பல்களின் பதிவேடுகள் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஊர், உடம்பில் உள்ள தழும்பு, எல்லாம் வரிசையாக எழுதியிருக்கிறார்கள். ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதிய அடையாளம். குமாஸ்தா தன் வேலையைச் சுத்தமாகச் செய்திருக்கிறான். அந்தத் தழும்பு எப்படி வந்தது, மரத்திலிருந்து விழுந்ததா, அரிவாள் பட்டதா, அம்மா சூடு போட்டதா என்று அவன் கேட்கவில்லை; அது அவன் வேலையும் அல்ல. நம் வேலை.